பதினோராவது பாரில் ஒரு அடி

ஆழமாம் ஆழம், கிணறு வெட்டுகிறவனைக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வான் ஆழம் என்றால் என்னவென்று, இந்தப் பல் டாக்டருக்கு என்ன தெரியும், இசைத்தட்டின் மேல் இன்னும் ஊசியே வைக்கவில்லை, அதற்குள் உறையை மடியில் போட்டுத் தடவித் தடவி, "என்ன ஒரு ஆழம்ங்க இந்த ஆல்பத்துல, வீட்டுல நாலு தடவை கேட்டுட்டேன், எழுபத்தொரு வயசுல ஒரு மனுஷன் இப்படி கிடார் வாசிக்க முடியுமா" என்று பக்கத்து நாற்காலியிடம் உருகிக்கொண்டிருக்கிறார்... எழுபத்தொன்று இல்லை ஐயா, எழுபது, எனக்குத் தெரியாதா, இருபத்திரண்டு பிறந்தநாளை அவனோடு பஸ்ஸிலேயே கழித்தவன் நான்... சரி, வாயை மூடு, கேட்கத்தானே வந்தாய், கேட்டுவிட்டுப் போ. கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். இசைத்தட்டுக் கடையின் மாடி அறை, மாதத்தின் கடைசி ஞாயிறு, மதியம் மூன்று மணி, இருபது பேர், எல்லார் செல்போனும் வாசலில் ஓர் அட்டைப்பெட்டிக்குள். இங்கே ஒரு வழக்கம் உண்டாம், கடைக்காரர் படியேறும்போதே சொல்லிவிட்டார், ஆல்பம் முழுக்க ஓடி முடிகிற வரை யாரும் மூச்சுவிடக் கூடாது, முடிந்த பிறகு ஆளுக்கு ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லவும் கூடாது, கேள்வி கேட்கவும் கூடாது, கைதட்டவும் கூடாது, சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். பள்ளிக்கூடம் கெட்டது போ. "சார் புதுசா? ப்ளூஸ் எல்லாம் கேட்பீங்களா?" என்று வேறு அந்தக் கடைக்காரர் கேட்டார். கேட்பேன் தம்பி, கொஞ்சம் கொஞ்சம் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைச் சுவரில் தொங்குகிற அந்தப் பழைய உறைகளில் ஏழு உறையில் தாமும் இருக்கிறோம் என்று சொல்லவா முடியும், அவற்றில் நெட்டை, இந்த ஆல்பத்துக்காரன்தான், முன்னால் கிடாரோடு நிற்பான், பின்னால் ஒரு சிம்பல், சிம்பலுக்குப் பின்னால் ஒரு முழங்கை, அந்த முழங்கைதான் இவர்.

வந்திருக்கவே வேண்டாம்... வீட்டுக்காரிதான் துரத்தினாள், "கேக்காமலே எத்தனை நாளைக்குங்க அந்த மனுஷனைத் திட்டிட்டு இருப்பீங்க, ஒரு தடவை கேட்டுட்டாவது திட்டுங்க, நியாயமா இருக்கும்" என்றாள் காலையில், தோசைக்கரண்டி மாதிரி எதையாவது கையில் வைத்துக்கொண்டு பேசினால் பரவாயில்லை, வெறுங்கையோடு இடுப்பில் கைவைத்துப் பேசினாள், அப்படியென்றால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். வியாழக்கிழமைதான் போன் வந்தது. பதினாறு வருடம் கழித்து. எடுத்ததும் ஒரு இருமல், அந்த இருமலிலேயே தெரிந்துவிட்டது. "டேய், நான்தான்டா" என்றான் நெட்டை, நேற்று மாலை பிரிந்தவன் மாதிரி. எப்படி இருக்கிறாய், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், ஒன்றும் கிடையாது, "பதினோரு ஊரு, அடுத்த மாசம், இந்த ஆல்பத்தை மேடையில வாசிக்கணும், நீ வர்றியா?" உனக்குத்தான் ஆள் இருக்கிறதே என்று இவர் சொன்னார், ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது யாரோ முப்பது வயதுப் பெண் என்று பத்திரிகையில் பார்த்திருந்தார், பார்த்த அன்று சாப்பிடவில்லை. "இருக்கு. நல்லா வாசிக்குது அந்தப் பொண்ணு. ஆனா மேடைக்கு நீ வேணும்." ஏன் என்று கேட்டார். "வேணும்னா வேணும். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லு, டிக்கெட் போடணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டான். பார்த்தாயா திமிரை. பதினாறு வருடம் எட்டிப் பார்க்கவில்லை, கொஞ்ச நாள் தனியா இருக்கேன் என்று ஒரு துண்டுச் சீட்டு, அந்தக் கொஞ்ச நாள் முடியவே பதினாறு வருடம், முடிந்ததும் ஒரு இருமல், ஒரு வேணும்னா வேணும். போகக் கூடாது. போனால் மானம் போய்விடும். ஆனால் மூன்று நாளாகத் தூங்கும்போதும் வலது மணிக்கட்டு தானாக ஆடுகிறது என்று அவள் சொல்கிறாளே, அதற்கு என்ன செய்வது?

ஊசி இறங்கியது. முதலில் சரசரவென்று அந்தத் தூசிச் சத்தம், பிறகு கிடார், அடப்பாவி, இவ்வளவு மெதுவாகவா... முன்பெல்லாம் முதல் கம்பியைத் தொடும்போதே பாய்கிறவன், இப்போது ஒரு சுரத்தை வைத்துவிட்டு அடுத்ததற்கு யோசிக்கிறான், கடைக்குப் போய்ச் சில்லறை தேடுகிற கிழவன் மாதிரி, இதைத்தான் இவர்கள் ஆழம் என்கிறார்கள், விரல் மடங்கவில்லை ஐயா, மூட்டு வீங்கியிருக்கும், அதற்குப் பெயர் ஆழமா? பல் டாக்டர் கண்ணை மூடிவிட்டார். இரண்டாவது வரிசையில் ஒரு கிழவர், முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவராம், தலையை ஆட்டுகிறார், ஆட்டுவதும் தாளத்தில் இல்லை. இவர் எண்ணினார். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, அது தானாக ஓடும், நான்கு தட்டு ஒரு பார், பன்னிரண்டு பார் ஒரு சுற்று, சுற்று முடிந்தால் மறுபடி முதலில் இருந்து, ப்ளூஸ் என்பது அவ்வளவுதான், உலகத்திலேயே எளிய கணக்கு, அந்தக் கணக்குக்கு இவரைக் காவல் வைத்ததால்தான் குழுவில் இவருக்குக் கடிகாரம் என்று பெயர். பாட்டு முடிந்து கிடார் தனியாக எழுந்தது, ஐந்து, ஆறு, ஏழு, இதோ பார், இதோ வரப் போகிறான், ஒன்பது, பத்து, பதினொன்று... ஓடினான்! ஓடிவிட்டான்! பதினோராவது பாரில் மூன்றாவது தட்டுக்கு வருவதற்குள் அரைத் தட்டு முந்திக்கொண்டு ஓடினான், அப்படியே அதே இடம், அதே அவசரம், எழுபது வயதிலும் திருந்தவில்லை, இவருடைய வலது கை தானாக எழும்பித் தொடையில் பட்டென்று ஒன்று அடித்தது. முன்வரிசையில் கழுத்தில் அளவு நாடா தொங்க உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள், கீழ்த் தெருவில் பழைய துணி பிரித்துத் தைக்கிற கடை வைத்திருப்பவள் என்று கடைக்காரர் சொன்னது அவளைத்தான் போலிருக்கிறது. மன்னிக்கணும் என்று கையைக் காட்டினார். ஆனால் அந்த டிரம்ஸ்காரி என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. அவன் ஓடினால் அவளும் கூடவே ஓடினாள். பிடிக்கத் தெரியவில்லை. அம்மா தாயே, பிடிக்க வேண்டாமா, அதற்குத்தானே உன்னைப் பின்னால் உட்கார வைத்திருக்கிறது?

இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. நெட்டைக்கு ஒரு நோய் இருந்தது, பதினோராவது பார் நோய், தனியாக வாசிக்கும்போது சுற்று முடியப் போகிறது என்று தெரிந்ததும் பொறுமை போய்விடும், முந்துவான், அவன் முந்தினால் பேஸ் கிடார்காரன் திணறுவான், கூட்டத்துக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காலில் கல் குத்தின மாதிரி ஒரு நொடி இடறும். இரண்டாவது வாரமே இவர் மருந்து கண்டுபிடித்துவிட்டார். பதினோராவது பார், மூன்றாவது தட்டு, ஸ்நேர் என்கிற அந்தச் சின்ன டிரம்மில் ஓர் அடி, மற்ற அடிகளைவிடக் கனமாக, ஒரு மயிரிழை தாமதமாக. அவ்வளவுதான். அந்த அடி விழுந்தால் நெட்டையின் கை திடுக்கிட்டு நிற்கும், தாளத்துக்கு வந்து சேரும், கூட்டம் ஓவென்று கத்தும். மேடை மேடையாக, ஊர் ஊராக, இருபத்திரண்டு வருடம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் காட்டினார், ஒரு பயலுக்குத் தெரியாது. தெரியாமல் செய்வதுதானே வித்தை, தெரிந்தால் அதற்குப் பெயர் தையல் போட்ட கிழிசல். ஆனாலும்... ஒருத்தனாவது, ஒரே ஒருத்தனாவது வந்து, அண்ணே அந்த அடி என்று சொல்லியிருந்தால்... இல்லை. நெட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், இவர் டிரம்ஸைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு பத்திரிகையில் எழுதினான், தாளத்தோடு விளையாடி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டுச் சரியான நொடியில் தரையிறங்குகிற மேதை என்று. தானாகவா இறங்கினான்? கீழே இருந்து கயிற்றைப் பிடித்து இழுத்தவன் யார்? அந்தக் கட்டுரையின் கடைசியில் மற்றும் பலர் என்று போட்டிருந்தது, அந்தப் பலரில் இவர் ஒருவர். வயிறு எரியாதா? இப்போது பாருங்கள், மருந்து கொடுக்க ஆள் இல்லை, நோய் அப்பட்டமாக வெளியே தெரிகிறது, இரண்டாவது பாட்டிலும் ஓடுகிறான், மூன்றாவதிலும் ஓடுகிறான், இவர்கள் என்னவென்றால் வாயில் ஈ புகுந்தது தெரியாமல் ரசிக்கிறார்கள். நான் மறைத்தபோது அவனைப் பாராட்டினீர்கள், மறைக்க ஆள் இல்லாதபோதும் அவனையேதான் பாராட்டுகிறீர்கள், அப்புறம் நான் எதற்கய்யா இருந்தேன்?

கடைக்காரர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டார். ஒருவர் மூக்கை உறிஞ்சினார், அழுகிறாரா, சளியா? அழுதால் எழுந்து போய் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. குழு உடைந்த பிறகு இவர் டிரம்ஸை ஒரு கல்யாண வாத்தியக் குழுவுக்குத் தள்ளிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார், இன்றைக்கும் அதுதான் பிழைப்பு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கார் ஓட்டச் சொல்லித்தருவது, அந்தக் காரில் சொல்லித்தருகிறவன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இதுவரை ஒரு விபத்து இல்லை, ஒரு கீறல் இல்லை, ஸ்கூலிலேயே பெயர் அவருக்குத்தான். ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்குவதில்லை என்று முதலாளிக்கு ஒரு குறை. போன வாரம் ஒரு நர்சம்மா, நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து படிக்கிறவள், வளைவில் காரை நிறுத்திவிட்டே கேட்டாள், "சார், நான் திருப்புறதுக்கு முன்னாடியே நீங்க மிதிச்சிடறீங்க, அப்புறம் எனக்கு எப்படி சார் தெரியும் நான் திரும்பிடுவேனா மாட்டேனான்னு?" திரும்பமாட்டாய் என்று தெரிந்துதானம்மா மிதித்தேன் என்றார். அவள் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு வண்டியை எடுத்தாள். அந்தக் கேள்விதான் உறுத்துகிறது, அதை இப்போது ஏன் நினைக்கிறேன், பாட்டைக் கேள், இதோ இரண்டாம் பக்கம், வயதானவன் குரல், சரளைக் கல்லில் வண்டி இழுக்கிற குரல், அதையும் சொல்லப் போகிறார்கள் பாருங்கள், என்ன ஒரு அனுபவம் என்று... குரல் போய்விட்டதென்றால் அனுபவம், விரல் போய்விட்டதென்றால் ஆழம், நாளைக்குக் காது போனால் ஞானம் என்பார்கள். நான் போய் இந்தப் பத்துப் பதினோரு ஊரில் அவனைத் தூக்கி நிறுத்த வேண்டுமாக்கும். மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஐந்து மணிக்கு. இல்லை, ஐந்து ஐந்துக்கு, கொஞ்சம் தவிக்கட்டும்.

கடைசிப் பாட்டு ஏழு நிமிடம் என்று உறையில் போட்டிருந்தது. மெதுவான பாட்டு, வரி ஒன்றும் பெரிதாக இல்லை, சமையலறை விளக்கை அணைக்காமல் போனவளைப் பற்றி ஏதோ, அணைக்கவும் மனம் வரவில்லை என்று ஏதோ, பிறகு கிடார். முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவது சுற்று, எட்டு, ஒன்பது, இவர் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், மறுபடி அடித்துத் தொலைத்தால் அந்தத் தையற்காரி திரும்பிப் பார்ப்பாள், பத்து, பதினொன்று, ஓடினான், ஓடு, எங்கே போய் விழுகிறாய் என்று பார்க்கிறேன், விழு, இவர்கள் எல்லாரும் பார்க்கட்டும்... விழவில்லை. பன்னிரண்டாவது பாருக்கு வர வேண்டியவன் வரவே இல்லை, போய்க்கொண்டே இருக்கிறான், அந்த டிரம்ஸ்காரி என்ன செய்தாள், நிறுத்திவிட்டாள், கையைத் தூக்கிவிட்டாள், டிரம்ஸே இல்லை, ஐயோ பாவி, நடுத் தெருவில் விட்டுவிட்டாளே, கணக்கு உடைந்துவிட்டது, பதின்மூன்றா பதின்மூன்றரையா, எண்ண முடியவில்லை, அறுபத்தாறு வயதில் முதல்முறையாக எண்ண முடியவில்லை, தப்பு, இது தப்பு, அடிப்படையே தப்பு... அப்போது ஒரு சுரம் வந்தது. மூன்றாவது கம்பியை மெல்ல மேலே தள்ளித் தள்ளி, ஏறுமா ஏறாதா என்று இழுத்துப் போய், ஏறாமலே நடுவில் நிற்க வைத்தான், நடுங்கியது, அப்படியே விட்டான். இந்தச் சுரத்தை இவர் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் அவனுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர், அவன் தூக்கத்தில் பல் கடிக்கிற சத்தம்கூட இவருக்குத் தெரியும், இந்தச் சுரம் தெரியாது. எங்கே வைத்திருந்தான் இதை? எப்போது வந்தது? டிரம்ஸ் மறுபடி மெல்லச் சேர்ந்துகொண்டது, பாட்டு முடிந்தது, தட்டு வெறுமனே சுற்றியது. கண் எரிந்தது, கோபத்தில்தான் எரிந்தது, வேறு எதற்கு எரியும், அறையில் ஒரு ஜன்னலைக்கூடத் திறந்து வைக்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா? ஆளுக்கு ஒரு வரிதான், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் கடைக்காரர். பல் டாக்டர் முந்திக்கொண்டு எழுந்தார், "எனக்குத் தெரிஞ்சு வயசானா எல்லாமே ஆடும், அந்த ஆட்டத்தையே ஒருத்தர் வாசிப்பார்னு இப்பதான் தெரியும்." உட்கார்ந்தார். இதற்கு நாலு தடவை கேட்டாராம். கணக்கு வாத்தியார், "இவ்வளவு மெதுவா ஒரு மனுஷன் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை." அது... சரி, அந்த ஆளுக்குக் கொஞ்சம் காது இருக்கிறது. ஒரு புருஷன் பெண்டாட்டி, அவள், "அந்த வீட்டுல விளக்கு இன்னும் எரியுதுன்னு தோணுச்சு" என்றாள், அவன் எழுந்து, "எனக்கும் அதேதான்" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அவனுடைய வரி அதோடு போச்சு. இவர் தன் வரியைத் தயாராக வைத்திருந்தார், மாடிப்படி ஏறும்போதே கூராக்கி வைத்தது, 'இந்த ஆளுக்கு வாழ்நாள் முழுக்கத் தாளம் தெரியாது, உங்களுக்குக் காது தெரியாது', அதைச் சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட வேண்டும், பதில்தான் யாரும் சொல்லக் கூடாதே, நல்ல வழக்கம்தான் வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் சொன்னார்கள், நான்கு பேர் சொன்னார்கள், காதில் விழவில்லை. பிறகு அந்தத் தையற்காரி எழுந்தாள், கழுத்தில் இருந்த நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே, "இவரோட பழைய ஆல்பத்துல எல்லாம் ஒரு இடத்துக்குப் போகப் பார்ப்பாரு, சரியா போய்ச் சேரப் போற நேரத்துல பின்னாலேர்ந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்த மாதிரி நின்னுடுவாரு, இதுல அந்தக் கை இல்ல."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அறையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடைக்காரர் தலையாட்டினார், வாத்தியார் தொண்டையைச் செருமினார். இவருக்குத்தான் காது அடைத்தது. யாரோவா? யாரோ சட்டையைப் பிடித்து... "எந்தப் பாட்டுல?" என்று கேட்டுவிட்டார், குரல் பெரிதாக வந்துவிட்டது. "சார் சார், கேள்வி கேக்கக் கூடாது" என்று கடைக்காரர் கையை உயர்த்தினார். ஆனால் அவள் திரும்பிவிட்டாள், "எல்லாத்துலயும்தான் சார், பதினஞ்சு வயசுலேர்ந்து கேக்கறேன், ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது விடேன்யா, விட்டுத்தான் பாரேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன்" என்றாள், சொன்ன பிறகு வழக்கத்தை மீறியது உறைக்கவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார்த்தாயா, இத்தனை வருடம் எவன் காதிலாவது விழாதா என்று ஏங்கினாயே, விழுந்திருக்கிறது, பதினைந்து வயதில் ஒரு பெண் காதில் விழுந்திருக்கிறது, ஆளையே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், பாராட்டத்தான் இல்லை. கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம், இவளுக்கு என்ன தெரியும், மேடையில் அவன் விழுந்திருந்தால் இவளா வந்து தூக்கியிருப்பாள், இன்றைக்கு அந்த டிரம்ஸ்காரி கையைத் தூக்கினாள், விழவில்லை, அதிர்ஷ்டம், காக்கை உட்காரப் பனம்பழம் விழாதது மாதிரி... இல்லை, பழமொழிகூடக் கோணலாக வருகிறது. அன்றைக்கும் விழாமல் இருந்திருப்பானோ? ஒரு தடவைகூட விட்டுப் பார்க்கவில்லையே. இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி, ஏதாவது ஒரு சின்ன ஊரில், நூறு பேர் மட்டும் வந்த ஒரு கூட்டத்தில்... "சார், உங்க வரி?" எழுந்து நின்றார். கூராக்கி வைத்திருந்த வரி வாய்க்குள்ளேதான் இருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கை என்னோடது" என்றார்.

இருபது பேரும் பார்த்தார்கள். பல் டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார். தையற்காரியின் பார்வை அவர் முகத்திலிருந்து சுவருக்குப் போய், அங்கே தொங்கிய பழைய உறைகளில் ஒன்றில் நின்று, மறுபடி அவரிடம் வந்தது, அவள் முகம் சிவந்தது, என்னவோ சொல்லத் துடித்தாள். ஆனால் பதில் சொல்லக் கூடாதே. கடைக்காரரே பாதி எழுந்து நின்று கைகளைப் பிசைந்தார், தான் வைத்த வழக்கத்தைத் தானே எப்படி மீறுவது என்று தெரியவில்லை அவருக்கு. மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை, ஒரு ஆட்டோகிராப்கூட இல்லை, அந்த அமைதியில் இவர் பெட்டியிலிருந்து தன் செல்போனைத் துழாவி எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தெருவில் வெயில் இன்னும் இருந்தது. நாலே முக்கால். எதிரே லாண்டரிக்காரர் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நெட்டையின் எண்ணை அழுத்தினார், விரல் இரண்டு தடவை தப்பான எண்ணில் போய் விழுந்தது, கிழட்டு விரல், ஆழமான விரல், இதையும் வந்து பாராட்டுங்கள். முதல் மணியிலேயே எடுத்தான், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. "சொல்லுடா." திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். "டேய், அந்தக் காலத்துல பதினோராவது பார்ல நான் ஒன்னு அடிப்பேனே..." என்று ஆரம்பித்தார், எப்படி விளக்குவது, எங்கிருந்து தொடங்குவது. "மூணாவது தட்டுல" என்றான் நெட்டை. சாதாரணமாகச் சொன்னான். வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. இவர் அப்படியே நடைபாதையில் நின்றுவிட்டார், பின்னால் வந்த ஒருத்தி இடித்துக்கொண்டு போனாள். "தெரியுமா உனக்கு?" "தெரியாம? என் முதுகுலதானே விழுந்துச்சு." "அப்ப ஏன்டா ஒரு நாள்கூடச் சொல்லல? இருபத்திரண்டு வருஷம்டா! ஒரு வார்த்தை, வேணும்னோ வேணாம்னோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நாயே?" "நீ சொன்னியா?" என்றான். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, ஒரு இருமல் கேட்டது. "அதுக்காகத்தான் இப்ப கூப்பிடுறியா, மறுபடி அடிக்கவா, இல்ல..." என்று கேட்டார், இல்லைக்குப் பிறகு என்ன என்று இவருக்கே வரவில்லை. "வர்றியா இல்லியா, அதைச் சொல்லு" என்றான் நெட்டை, குரல் கொஞ்சம் உடைந்தது, சரளைக் கல் குரல்தான், ஆனாலும் உடைந்தது. "வர்றேன்" என்று வாய் முந்திக்கொண்டது, யோசிக்கவே இல்லை, மானம், பதினாறு வருடம், துண்டுச் சீட்டு, எல்லாம் பின்னால் நின்றுவிட்டது. "சரி" என்று வைத்துவிட்டான், திமிர் பிடித்தவன், ஒரு நன்றி கிடையாது. செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார், நாலு எட்டு வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது, எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்தது, நினைத்துப் பார்க்காதது... அந்த அடி விழும்போதெல்லாம் நெட்டையின் முதுகு லேசாகக் குனியும், தலை ஒரு விரற்கடை தாழும். தலையாட்டுகிறான், நன்றி சொல்கிறான் என்றுதான் இவர் இத்தனை காலமும் வைத்திருந்தார். அடிபட்டவனும் அப்படித்தான் குனிவான். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வளைவு தாண்டிப் போய்விட்டது, அவர் நடந்துகொண்டே இருந்தார்.